மதலேன் தைத்த சப்பாத்து

ஜப்பான்காரர்கள் வந்த பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில் பொழுது விடிவதற்கு முன்பே மணி ஏழாகிவிடும். மலாயாவின் கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டார்கள். ரயில்வே சரக்குக் கொட்டகையில் எனக்குக் கிராணி வேலை, கணக்கு எழுதுவது. எட்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். ஏழு மணிக்குக் குவாட்டர்ஸ் கதவைத் திறந்தால் வானத்தில் நட்சத்திரம் இருக்கும், அக்கம்பக்கத்தில் ஒரு சேவல்கூடக் கூவியிருக்காது. ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்குவது கஷ்டம். நாகப்பட்டினத்தில் சூரியன் வந்த பிறகுதான் மணியைப் பற்றி யோசிப்போம். இங்கே மணி முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சூரியன் பின்னால் சாவகாசமாக வரும். வயிறு மட்டும் எந்த நேரத்துக்கும் கட்டுப்படாமல் எந்நேரமும் பசித்தது. அரிசி பார்த்து நாளாகியிருந்தது. மரவள்ளிக்கிழங்கை அவித்தும், துருவியும், காயவைத்து மாவாக்கியும் தின்றுகொண்டிருந்தோம்.

அப்படியொரு இருட்டுக் காலையில்தான், அவர்கள் வந்த இரண்டாம் வருடத்தில், என் மனைவி மதலேன் சிம்னி விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் ஒரு ஜோடிச் சப்பாத்தை வைத்தாள். ஊரில் நாங்கள் பூட்ஸ் என்போம், ஜோடு என்போம். இங்கே பிறந்த தமிழர்களுக்கு அது சப்பாத்து. மதலேன் செந்தூலில் பிறந்தவள், ரயில் பட்டறைக்காரரின் மகள்.

"போட்டுப் பாருங்க. ஓடிப் பாத்து எங்க கடிக்குதுன்னு சொல்லுங்க," என்றாள்.

கையில் எடுத்தேன். இரண்டையும் ஒரே கையில் ஏந்தியும் ஒரு தேங்காய் மூடியின் கனம்கூட இல்லை. மேல்பாகம் கித்தான் துணி. அடிப்பாகம் வெளிர் மஞ்சள் நிறக் கிரேப் ரப்பர், அப்பளம்போல மெல்லியது, வளைத்தால் சுருண்டு திரும்பவும் நிமிர்ந்தது. ரப்பரைப் பெட்ரோலில் ஊறவைத்த பசையின் வாடை இன்னும் போகவில்லை. இடது சப்பாத்தின் குதிகால் பக்கம், உள்ளே, கறுப்புச் சாயத்தில் ஓர் எழுத்து இருந்தது: சூ. சூசை என்கிற என் பெயரின் முதல் எழுத்து. எழுதியது நானேதான். கப்பலேறும்போது என் படுக்கையைச் சுருட்டிக் கட்டிய கித்தான் உறையின்மேல், தொலைந்துவிடக் கூடாதென்று பெரிதாக எழுதிய பெயர் அது. அந்த உறையைத்தான் மதலேன் வெட்டியிருக்கிறாள். ஊருக்குத் திரும்பும்போது எனக்கு வேண்டியிருந்திருக்கும். ஆனாலும் அந்த நிமிஷம் கோபம் வரவில்லை. என் பெயரையே காலில் வைத்துத் தைத்திருக்கிறாளே என்று அந்த எழுத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தேன்.

தையலை விளக்கில் பார்த்தேன். எறும்பு வரிசை போல அத்தனை நெருக்கம். மதலேன் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் ஊசி வேலை கற்றவள். ஆனால் என் சட்டைகளில் அவள் போட்ட தையல் இப்படி இருந்ததில்லை. அவை தண்டவாளம் வளைகிற மாதிரி வளைந்து போகும்.

குவாட்டர்ஸுக்குப் பின்னால் ரயில்வே மைதானம். கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. முதலில் நடந்தேன், பிறகு மெல்ல ஓடினேன். எனக்கு ஓட்டம் புதிதில்லை. ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் நான்தான் வேகக்காரன். கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஓடிப் பித்தளைத் தம்ளர் வாங்கியிருக்கிறேன். ஆனால் மலாயாவுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து என் கால்கள் என்னுடையவையாக இல்லை. வெளிநாட்டு உத்தியோகம் என்று ஊரிலேயே தோல் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி மாட்டிக்கொண்டு வந்தேன். அது ஒவ்வோர் அடிக்கும் கிரீச்சிடும். இப்போது இந்தச் சப்பாத்தில் தரை எனக்குத் தெரிந்தது. புல் தெரிந்தது, கல் தெரிந்தது, எதுவும் குத்தவில்லை. இரண்டாவது சுற்றில் நான் சிரித்துக்கொண்டே ஓடினேன் என்று நினைக்கிறேன். கிழங்கு தின்ற உடம்பு என்பதே மறந்துபோயிற்று. இந்த நாட்டில் ஒருத்தி என் கால் அளவை மனத்தில் வைத்துக்கொண்டு ராத்திரி பகலாக உட்கார்ந்து தைத்திருக்கிறாள்; இனி நான் இங்கே அந்நியன் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

மைதானத்து மூலையில் காவலுக்கு நின்ற ஜப்பான் சிப்பாய் "ஓய்!" என்று கத்தினான். நின்று, இடுப்பை வளைத்து வணங்கினேன். வணங்காவிட்டால் கன்னத்தில் விழும். அவன் என் காலைக் காட்டினான். திருடியது என்கிறானோ என்று பயந்து, எனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அந்தக் கடைத்தெருப் பேச்சில், "துவான், பினி பூவாட்," என்றேன். ஐயா, என் மனைவி செய்தது என்று அர்த்தம். அவனுக்குப் புரியவில்லை. ஒரு சப்பாத்தைக் கழற்றச் சொல்லி வாங்கினான். கையில் தூக்கிப் பார்த்தான், அடியை வளைத்தான், பிறகு என்னை உற்றுப் பார்த்து, "கருயி! கருயி!" என்றான். என் காதில் அது கருவி என்று விழுந்தது. வெடி, துப்பாக்கி என்று எதையோ சந்தேகப்படுகிறான் என்று நடுங்கி, "கருவி இல்ல துவான், சப்பாத்து, சப்பாத்து!" என்று தமிழிலேயே கெஞ்சினேன். அவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டுச் சப்பாத்தை என் நெஞ்சில் எறிந்தான். கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தேன்.

மதலேன் வாசலில் காத்திருந்தாள். "எப்படி இருக்கு? விரல் கடிக்குதா?"

"எங்கயும் கடிக்கல. எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

"அப்ப சரி. தம்பிக்கும் உங்களுக்கும் ஒரே நீளந்தான். அவன் ஞாயித்துக்கிழமை வரான். அதுவரைக்கும் அழுக்காகாம எடுத்து வைக்கிறேன்," என்று சொல்லிச் சப்பாத்தை வாங்கித் துணியில் சுற்றினாள்.

நான் வெறுங்காலோடு நின்றேன். கால்களுக்கு உடனே குளிர்ந்தது.

தம்பி என்றால் பிரகாசம். மதலேனைவிட இரண்டு வயது இளையவன். கிள்ளானில் ஒரு ரப்பர் கிடங்கில் மூட்டை பார்க்கிற வேலை. அவன்மேல் எனக்கிருந்த எரிச்சலை அன்றுவரை எரிச்சல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பெண் பார்க்கச் செந்தூலுக்குப் போன நாளில், என் தோல் பூட்ஸ் அவர்கள் வீட்டு மரப்படியில் கிரீச்சிட்டு ஏறியபோது, உள்ளேயிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. அது அவன்தான். கால்பந்து ஆடிவிட்டு வந்து, முழங்கால் வரை சேற்றோடு, கதவில் சாய்ந்து நின்றான். அக்காளும் தம்பியும் பேசிக்கொண்டால் பாதி தமிழ், மீதி மலாயும் இங்கிலீஷும். ஒரு வாக்கியம் தொடங்குகிற பாஷையில் முடியாது. இருவரும் சிரிப்பார்கள். என்னவென்று கேட்டால், "ஒண்ணும் இல்லலா," என்பாள் மதலேன், இங்கே பிறந்தவர்கள் பேச்சின் முடிவில் இழுக்கும் அந்த 'லா'வையும் சேர்த்து. சீனன் கடையில் அவன் பெயர் சொன்னால் ஒரு கைப்பிடி அதிகம் கிடைக்கும். மலாய்க்காரப் பையன்கள் அவனைத் தெருவில் நிறுத்தித் தோளில் கைபோட்டுப் பேசுவார்கள். அவன் இந்த மண்ணில் முளைத்தவன், எங்கே வைத்தாலும் அவன் கால் பதியும். நான் கப்பலில் வந்த மூட்டை. இப்போது அந்த மூட்டையைக் கட்டிய உறையும் அவன் காலுக்குப் போகிறது.

அன்று முழுவதும் கொட்டகையில் எனக்குக் கணக்கு ஓடவில்லை. அவள் எப்போது தைத்தாள்? நான் வேலைக்குப் போன பிறகா? விரல் நுனிகளில் ஊசிக்குத்துத் தழும்பு பார்த்தேனே, என் சட்டை கிழிசலைத் தைத்ததால் வந்தது என்று நினைத்து அந்த விரலை முத்தமிட்டும் இருக்கிறேனே! ஒவ்வொரு தையலாக நினைத்து நினைத்துப் பொறாமைப்பட்டேன். மற்றொரு ஆண்மேல் பொறாமைப்பட்டால் ஊரில் பஞ்சாயத்து கூட்டலாம். மனைவியின் கூடப்பிறந்தவன்மேல் பொறாமைப்படுகிறவன் யாரிடம் போய்ச் சொல்வது?

சாயங்காலம் கேட்டேவிட்டேன். "என் உறையை வெட்டும்போது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அவளுக்கு அப்போது ஆறு மாதம். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் உட்காருவாள். "கேட்டா தந்திருப்பீங்களா?" என்றாள். "தம்பியோட கிடங்கை மூடிட்டாங்க. வேலை இல்லாத பையனுங்களைப் பிடிச்சு சயாமுக்கு அனுப்புறாங்க, ரயில் பாதை போட. பக்கத்து வீட்டுப் பையன் போனான். ஒரு சேதி இல்ல. இங்க ரயில் யார்டுல ஜப்பான் துரை ஓட்டப் பந்தயம் வைக்கிறாராம். சைக்கிளுக்கு டயர் இல்ல, போன் கம்பி இல்ல, சேதி கொண்டுபோக ஆள் வேணுமாம். முதல்ல வர ஆறு பேரை எடுத்துக்குவாங்க. யார்டு வேலைன்னா சயாமுக்குப் பிடிக்க மாட்டாங்க. உங்களுக்கு வேலை இருக்கு. அவனுக்குக் காலு மட்டும்தான் இருக்கு."

இதற்குமேல் ஒரு மனிதன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எனக்கும் நியாயம் புரிந்தது. ஆனால் பொறாமைக்கு நியாயம் புரிகிறதா என்ன? "எனக்கும் கால் இருக்கு," என்றேன். மறுநாள் போய்ப் பந்தயத்துக்கு என் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தேன். கிராணி எதற்கு ஓடுகிறான் என்று யாரும் கேட்கவில்லை. ஜெயிக்கிறவர்களுக்கு அரிசியும் உண்டு என்று பேச்சு அடிபட்டது, அதனால் நொண்டிகூடப் பெயர் கொடுத்திருந்தான். மதலேனுக்குத் தெரிந்தபோது அவள் சண்டை போடவில்லை. கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே, "சரி," என்றாள். அந்தச் சரி நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

ஞாயிறன்று பூசை முடிந்து பிரகாசம் வந்தான். மெலிந்துபோயிருந்தான். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் ஒரு சுற்று ஓடினான். நான் ஓடினால் ஓடுவதுபோல் இருக்கும். அவன் ஓடினால் யாரோ அவனைக் கூப்பிட்டு அவன் போவதுபோல் இருந்தது. மதலேன் இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு பார்த்தாள். "கடிக்குதாடா?" என்றாள். "ஓகேலா அக்கா," என்றான். அவன் கால் என்னுடையதைவிட அகலம். கித்தான் ஓரத்தில் சுண்டுவிரல் புடைத்து நின்றது எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் தைக்க இனித் துணி இல்லை.

சிப்பாய் கதையைச் சொன்னேன், அவன் சிரிக்கட்டும் என்றுதான். அவன் சிரிக்கவில்லை. "கருயின்னா லேசுன்னு அர்த்தம் மச்சான். கனமே இல்லன்னு பாராட்டியிருக்கான்லா." அதையும் அவன் எங்கேயோ கற்றுக்கொண்டு வந்துவிட்டான். என் காலுக்குக் கிடைத்த ஒரே பாராட்டைக்கூட அவன்தான் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

பந்தயம் மைதானத்தில் தொடங்கி, தண்டவாளத்தை ஒட்டிப் போய், பங்சார் ரப்பர் தோட்டத்துக்குள் நுழைந்து, மின்சார நிலையத்தைச் சுற்றித் திரும்பவும் மைதானத்துக்கு வர வேண்டும். முப்பது நாற்பது பேர் இருந்தோம். பெரும்பாலும் வெறுங்கால், நானும்தான். இரண்டு பேர் பழைய டயரை அறுத்துக் கட்டியிருந்தார்கள். பிரகாசத்தின் சப்பாத்தை எல்லாரும் பார்த்தார்கள். எல்லார் கண்ணிலும் இருந்தது எனக்குப் பழகிய பார்வைதான்.

தொடக்கத்திலேயே அவன் முன்னால் போய்விட்டான். நான் நடுவில் இருந்தேன். தண்டவாளக் கருங்கல் ஜல்லி உள்ளங்காலைப் பிளந்தது. தோட்டத்து நிழலுக்குள் போனதும் சருகு, வேர், காய்ந்த ரப்பர்க் கொட்டை ஓடு. அங்கே ஆள்கள் களைக்கத் தொடங்கினார்கள். ஒருவன் மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான். ஒவ்வொருவராகத் தாண்டினேன். எத்தனையாவது ஆளாக இருக்கிறேன் என்று தெரியவில்லை. மின்சார நிலையத்தின் சுவரைத் திரும்பும்போது பாதையோரம் ஏதோ வெளுப்பாகக் கிடந்தது. மதலேன் தைத்த சப்பாத்து. ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் கிடந்தன. விரல் பக்கம் கித்தானில் ரத்தம் ஊறியிருந்தது. கடித்திருக்கிறது, பிய்த்து எறிந்துவிட்டு ஓடியிருக்கிறான்.

நின்றேன். உட்கார்ந்தேன். காலில் ஒட்டியிருந்த மண்ணைக்கூடத் தட்டவில்லை. மாட்டி, நாடாவை இழுத்துக் கட்டினேன். எழுந்து ஓடினால், அன்று விடியற்காலையில் இருந்த அதே லேசு. பின்னால் வந்த ஒருவன் தாண்டியிருந்தான், அவனைப் பிடித்தேன். இன்னொருவனையும் பிடித்தேன். தோட்டத்தை விட்டு வெளியே வந்தபோது தூரத்தில் பிரகாசத்தின் முதுகு தெரிந்தது. அவனுக்கு முன்னால் ஐந்து பேர். அவன் ஆறாவது. நான் ஏழாவது.

அந்தக் கடைசி ஓட்டத்தைப் பற்றிப் பிற்பாடு பல கதை வந்ததால் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். அவனைப் பிடிக்க வேண்டும் என்றுதான் ஓடினேன். சயாம் நினைவில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பையனும் நினைவில் இருந்தான். அவை ஒரு பக்கம் இருக்க, என் கால் இன்னொரு பக்கம் ஓடியது. ஜல்லியில் அவன் வைத்த ஒவ்வோர் அடியிலும் ரத்தக் கறை இருந்தது. அதன்மேல் மிதித்துக்கொண்டே நெருங்கினேன். கை நீட்டினால் தொடலாம். மைதானம் வந்துவிட்டது. வேலியோரம் மதலேன் நின்றிருந்தாள். என் மூச்சு முழுவதையும் இழுத்து ஒரு முறை பாய்ந்தேன். அவனும் பாய்ந்தான். வெறுங்காலோடு, விரல் கிழிந்து தொங்க, கிழங்கு தின்ற உடம்போடு, என்னைவிட வேகமாக ஓடினான். நான் தோற்றேன். அவ்வளவுதான்.

மதலேன் வந்தாள். முதலில் தம்பியின் காலைப் பார்த்தாள், பிறகு என் காலைப் பார்த்தாள். சப்பாத்து என் காலில் இருந்தது. அவள் முகம் கோணிற்று. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றுகூடப் பாராமல் என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நான் பாத்தேன்," என்றாள். "தொடுற தூரத்துல வந்துட்டு விட்டுக்குடுத்தீங்க. நான் பாத்தேன்."

"இல்ல மதலேன். நான் விடல. என்னால முடியல."

"சரி சரி. பேசாதீங்க. மூச்சு வாங்குது பாருங்க," என்று முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் நம்புவதில்லை. அடக்கம் என்று நினைக்கிறாள். பிரகாசத்துக்கு மட்டும் உண்மை தெரியும். சேதிக்கார வேலை கிடைத்து எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த நாட்களில் ஒரு சாயங்காலம், காலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: "நீங்க பின்னால மூச்சு விட்டது கேட்டுச்சு மச்சான். செத்தேன்னு நெனச்சேன். அக்காகிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன்லா." அன்று முதல்முறையாக நாங்கள் இருவரும், அவளுக்குத் தெரியாத ஒன்றுக்காகச் சேர்ந்து சிரித்தோம். உள்ளேயிருந்து, "என்னடா?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லலா," என்றேன் நான்.

கிள்ளான் கிடங்கில் அவனோடு மூட்டை பார்த்தவர்கள் சயாமுக்குப் போனார்கள். அவர்களில் திரும்பி வந்த ஒருவனைச் சண்டை முடிந்தபின் பிரிக்ஃபீல்ட்ஸ் வீதியில் பார்த்தேன். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவன்தான் பிரகாசத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். ஆறாவது ஆளாக வந்தவன் யார் என்பதில் ஓர் உயிர் இருந்தது என்பது அப்போதுதான் என் எலும்புக்கு உறைத்தது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். என் மனைவி அன்றிலிருந்து குடும்பம் நடத்துவது என்னோடு இல்லை, தம்பிக்காகக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்ட ஒரு நல்லவனோடு. அந்த நல்லவனுக்குத்தான் மீன் தலையை எடுத்து வைக்கிறாள். அவன் காய்ச்சலில் கிடந்தால் ஜெபமாலை உருட்டுகிறாள். அவன்மேல் எனக்கிருக்கும் பொறாமைக்கு அளவில்லை.

கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியதும் அம்மாவைப் பார்க்க நாகப்பட்டினத்துக்குப் புறப்பட்டேன். மதலேனுக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கியிருந்ததால் தனியாகத்தான் போனேன். போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் அவளும் பிரகாசமும் வந்து நின்றார்கள். என் மகள் மாமன் தோளில் உட்கார்ந்து அவன் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். கப்பலைப் பார்க்கவே இல்லை. கப்பல் நகர்ந்தது. மூவரும் ஒரே நிழலாக, அந்தப் பலகைத் தரையில் காலகாலமாக நிற்கிறவர்கள் போல நின்றார்கள். நான் இல்லாமல் அந்தக் கூட்டத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. மேல்தளத்தில் என் பக்கத்தில் திருவாரூர்க்காரர் ஒருவர் இருந்தார். எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குப் போகிறவர். பாயை விரித்தார், தலையைக் கப்பலின் முன்பக்கம் வைத்தார், கரை மறைவதற்குள் குறட்டை விட்டார். அந்தத் தூக்கத்தைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது.

கரையோரத்துச் சதுப்பு மரங்கள் பச்சைக் கோடாகிக் கொண்டிருந்தன. ஒரு கப்பலாள் தண்ணீர் வாளியோடு வந்து என்மேல் இடித்துக்கொண்டான். "அண்ணே, வழியில நிக்காதீங்க. மலாயாவப் பாக்கணும்னா அந்தப் பக்கம் போங்க, ஊரப் பாக்கணும்னா இந்தப் பக்கம் போங்க," என்றான்.

இரண்டு பக்கமும் பார்த்தேன். பிறகு நடுவில் கிடந்த கயிற்றுச் சுருளின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.